100 வயசு வாழ்ந்தாங்கன்னு சொல்ற மூதாதையரை ரெக்கார்டு வழியா தேடுறது எப்படி

"எங்க கொள்ளுப்பாட்டி 104 வயசு வரைக்கும் இருந்தாங்க"ன்னு பல குடும்பத்துல ஒரு பேச்சு இருக்கும். அது நிஜமா 104-ஆவும் இருக்கலாம், 94-ஆவும் இருக்கலாம். எதுவா இருந்தாலும் தேடுற முறை ஒண்ணுதான்: அவங்க பொறந்தப்ப எழுதின பேப்பர்ல ஆரம்பிச்சு இறந்தப்ப எழுதின பேப்பர் வரைக்கும், நடுவுல விட்டுப்போகாம, எல்லாத்துலயும் இருக்கிறது அதே ஒரே ஆள்தான்னு காட்டணும். இறப்பு சர்ட்டிபிகேட்ல 104-னு போட்டிருக்கு, அவ்வளவுதான் ஆதாரம்னு நிறுத்திட்டா வேலை பாதி கூட முடியல.

ஏன்னா இறப்பு பதிவுல இருக்கிற வயசு இருக்கிறதுலயே பலவீனமான தகவல். அதை சொன்னது யாரு? மகனோ மருமகளோ பேரனோ. இறந்தவங்க பொறந்தப்ப அவங்க யாருமே பொறக்கல. வீட்டுல காலம்காலமா கேட்ட ஒரு நம்பரை துக்கத்துக்கு நடுவுல ஆபீஸ்ல சொல்லியிருப்பாங்க, கிளார்க்கும் கேட்டதை எழுதியிருப்பாரு. அதே பேப்பர்ல இறந்த தேதி, இடம், தகவல் குடுத்தவர் பேரு, அவருக்கு என்ன உறவு, இதெல்லாம் நல்ல ஆதாரம், ஏன்னா அது அப்ப நடந்தது, கண்ணால பாத்தவங்க சொன்னது. அதனால ஒவ்வொரு பேப்பரையும் எடுத்ததும் ரெண்டு கேள்வி கேட்டுப் பழகிக்கோங்க. இந்த தகவலை சொன்னது யாரு, அது நடந்து எவ்ளோ நாள் கழிச்சு எழுதினாங்க? ஒரே பேப்பர்ல ஒரு வரி கெட்டியா இருக்கும், அடுத்த வரி வெறும் கேள்விப்பட்டதா இருக்கும், ரெண்டையும் ஒரே தட்டுல வைக்காதீங்க.

முதல்ல வீட்டுல இருக்கிற பெரியவங்ககிட்ட உக்காந்து பேசுங்க, இதை மட்டும் தள்ளிப்போடவே கூடாது, ஆபீஸ் ரெஜிஸ்டர் அடுத்த வருஷமும் இருக்கும். பேசும்போது போன்ல ரெக்கார்டு போட்டுக்கோங்க, ஆனா அவங்ககிட்ட கேட்டுட்டு போடுங்க. "எந்த வருஷம் பொறந்தாங்க"ன்னு கேட்டா குத்துமதிப்பா ஒரு நம்பர்தான் வரும், அதுக்கு பதிலா சம்பவத்தை வச்சு கேளுங்க: கல்யாணம் ஆனப்ப அவங்க அப்பா உயிரோட இருந்தாரா, போர் நடந்தப்ப கைக்குழந்தையா இருந்தது யாரு, அக்கா தங்கச்சி எத்தனை பேரு, சின்ன வயசுலயே இறந்துபோன குழந்தை ஏதாவது உண்டா, கடைசி காலத்துல யார் வீட்டுல இருந்தாங்க. இந்த கடைசி ரெண்டு கேள்வியை விட்டுடாதீங்க, ஏன்னு கீழ வருது. அப்புறம் பீரோல இருக்கிற பழைய பேப்பர் எல்லாத்தையும் பாருங்க. கடிதம், போட்டோவோட பின்பக்கம், பென்ஷன் புக், சர்வீஸ் ரெக்கார்டு, ஸ்கூல் சர்ட்டிபிகேட், பிரார்த்தனை புத்தகத்தோட முதல் பக்கத்துல எழுதி வச்ச பிறந்த தேதிங்க, பழைய இன்சூரன்ஸ் பாலிசி. இன்சூரன்ஸ் பேப்பர் ரொம்ப நல்லது, ஏன்னா அது பெரும்பாலும் நடுவயசுலயே எடுத்தது, அப்ப வயசைக் கூட்டிச் சொன்னா பிரீமியம்தான் ஏறும், அதனால கூட்டிச் சொல்ல காரணம் இருந்திருக்காது.

இனி ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறந்து ஒரு பேப்பருக்கு ஒரு வரி போடுங்க. பேப்பர் எழுதின தேதி, என்ன பேப்பர், அதுல என்ன வயசு போட்டிருக்கு, அதை வச்சு பாத்தா எந்த தேதியில இருந்து எந்த தேதிக்குள்ள பொறந்திருக்கணும், தகவல் சொன்னது யாரு, கூட யார் யார் பேரு இருக்கு. நாலாவது கட்டம், அதாவது பொறந்த தேதி ரேஞ்ச், அதுதான் உயிர். பேப்பர் எழுதின வருஷத்துல இருந்து வயசைக் கழிச்சு ஒரே ஒரு வருஷமா எழுதிடாதீங்க, எப்பவும் ஒரு ரேஞ்சா எழுதுங்க. 1901 மார்ச் 31 அன்னைக்கு 30 வயசு முடிஞ்சிருந்தா, பொறந்தது 1870 ஏப்ரல் 1-க்கும் 1871 மார்ச் 31-க்கும் நடுவுல. அதுவும் முடிஞ்ச வயசா நடக்குற வயசான்னு தெரியலன்னா ரேஞ்சை இன்னும் ஒரு வருஷம் நீட்டிக்கோங்க. கிழக்கு ஆசியாவுல பல இடத்துல பொறந்த உடனேயே 1 வயசு, அப்புறம் ஒவ்வொரு புது வருஷத்துக்கும் ஒண்ணுன்னு எண்ணுற வழக்கம் இருந்துச்சு, தென் கொரியாவுல 2023-லதான் சட்டப்படி எல்லா இடத்துலயும் முடிஞ்ச வயசுக்கு மாத்தினாங்க. அப்படிப்பட்ட குடும்பம்னா ரெண்டு வருஷம் வரைக்கும் தள்ளிப்போகும்.

ஒரு கற்பனை உதாரணத்தை முழுசா போட்டுப் பாக்கலாம், இங்கிலாந்து ரெக்கார்டுன்னு வச்சுக்கோங்க, ஏன்னா அங்க 1837 ஜூலையில இருந்து அரசாங்க பிறப்பு இறப்பு பதிவு இருக்கு, 10 வருஷத்துக்கு ஒரு சென்சஸும் இருக்கு. ஒரு அம்மா 1968 நவம்பர்ல 100 வயசுல இறந்ததா பதிவு. குடும்ப மரத்துல யாரோ 1868 ஜனவரி பிறப்பு பதிவு ஒண்ணை இணைச்சிருக்காங்க, பேரு அதே, அப்பா அம்மா பேரும் அதே, கணக்கும் டாண்னு 100. பாத்தா எல்லாம் சரி. ஆனா நடுவுல இருக்கிறதை வரிசையா வச்சுப் பாருங்க. 1881 ஏப்ரல் 3 சென்சஸ்ல 8 வயசு. 1895 கல்யாண பதிவுல 22. 1901-ல 30. 1911 ஏப்ரல் 2-ல 38. 1921 ஜூன் 19 சென்சஸ்ல வருஷம் மட்டுமில்ல மாசமும் கேட்டாங்க, அதுல 48 வருஷம் 3 மாசம். 1939 செப்டம்பர் 29 அன்னைக்கு நாடு முழுக்க ஆள் கணக்கு எடுத்த ரெஜிஸ்டர்ல முழு பிறந்த தேதியே இருக்கு, 1873 மார்ச் 5. 1901-ஐ தவிர எல்லாமே 1873-ஐத்தான் காட்டுது, 1901-ல மட்டும் 28-க்கு பதிலா 30, யாரோ ரவுண்டா சொல்லியிருக்காங்க. அப்போ 1868 குழந்தை யாரு? 1871 சென்சஸ்ல அதே வீட்டுல அதே பேர்ல 3 வயசுப் பொண்ணு ஒண்ணு இருக்கு, 1872-ல அந்த பேர்ல ஒரு குழந்தை அடக்கம் பண்ணின பதிவும் இருக்கு. அது அக்கா. அக்கா இறந்த அடுத்த வருஷம் பொறந்த தங்கச்சிக்கு அதே பேரை வச்சிருக்காங்க. ஆக இறந்தவங்களுக்கு 95 வயசு. இறந்த குழந்தை உண்டான்னு பெரியவங்ககிட்ட கேக்கச் சொன்னது இதுக்குத்தான். பழைய காலத்துல இறந்த குழந்தையோட பேரை அடுத்த குழந்தைக்கு வைக்கிறது பல நாட்டுல சர்வ சாதாரணம், அதனால ரொம்ப பெரிய வயசு ஒண்ணு வந்தா, கிடைச்ச பிறப்பு பதிவுல இருக்கிற குழந்தைக்கு முதல் 10 வருஷத்துக்குள்ள ஒரு இறப்பு பதிவு இருக்கான்னு கட்டாயம் தேடுங்க.

இதே மாதிரி அப்பா மகன் ஒரே பேரா இருந்தாலும் ஆள் மாறிடும். கனடாவுல கியூபெக்கைச் சேர்ந்த பியர் ஜூபேர் 1814-ல 113 வயசுல இறந்தார்னு ரொம்ப காலமா சாதனைப் பட்டியல்லயே இருந்துச்சு. பின்னாடி பாத்தா அப்பாவோட பிறப்பையும் அதே பேர் வச்ச மகனோட இறப்பையும் சேர்த்து ஒரே ஆளாக்கியிருந்தாங்க. நடுவுல ஒரு கல்யாண பதிவு, ஒரு அடக்க பதிவு ஒழுங்கா பாத்திருந்தாலே பிரிஞ்சிருக்கும். இங்கிலாந்துல 1635-ல இறந்த தாமஸ் பார்-க்கு 152 வயசுன்னு வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில கல்லே வச்சிருக்காங்க, ஆனா அங்க சர்ச்சுங்க ரெஜிஸ்டர் வைக்கணும்னு உத்தரவு வந்ததே 1538-லதான், அவர் பொறந்ததா சொல்றது 1483-ல. அந்த வருஷத்தை உறுதிப்படுத்த பிறப்பு ரெஜிஸ்டர்னு ஒண்ணு இருந்திருக்கவே முடியாது. உங்க தேடல்லயும் இதை முதல்லயே பாருங்க, அந்த ஊர்ல அந்த வருஷத்துல அப்படி ஒரு ரெக்கார்டு எழுதுற பழக்கம் ஆரம்பிச்சிருச்சா? ஆரம்பிக்கலன்னா பிறந்த தேதின்னு வீட்டுல சொல்றது எங்க இருந்து வந்துச்சுன்னு யோசிங்க.

சரியா செஞ்சா எப்படி இருக்கும்ங்கிறதுக்கு ஜான் கால்மோ-வைப் பாக்கலாம். பிரான்ஸ்ல ஆர்ல் ஊர்ல 1875 பிப்ரவரி 21-ல பொறந்து 1997 ஆகஸ்ட் 4-ல இறந்தாங்க, 122 வருஷம் 164 நாள், இதுவரைக்கும் உறுதியான வயசுகள்ல இதுதான் அதிகம். அதை ஏத்துக்கிட்டது ஒரு பிறப்பு சர்ட்டிபிகேட்டை மட்டும் வச்சு இல்ல, ஞானஸ்நானம், கல்யாணம், அடுத்தடுத்த சென்சஸ் பக்கங்கள்னு ஆயுசு முழுக்க ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போற பேப்பரை ஆராய்ச்சியாளருங்க திரட்டினதாலதான். 2018-ல ரெண்டு ரஷ்யக்காரங்க, 1934-ல அவங்க மகள் இறந்ததா பதிவு இருக்கே, நிஜமா அப்ப இறந்தது அம்மா ஜான்தான், மகள்தான் அம்மா பேர்ல வாழ்ந்தாங்கன்னு ஒரு சந்தேகத்தை கிளப்பினப்பவும் முன்னாடி சரிபார்த்தவங்க 2019-ல பதில் குடுத்தது அதே பேப்பர் சங்கிலியை வச்சுத்தான். உங்க கொள்ளுப்பாட்டிக்கு அவ்ளோ பேப்பர் கிடைக்காது, ஆனா முறை அதேதான்.

வயசு எங்க எங்க மாறும்னு தெரிஞ்சா பேப்பரை படிக்கிறது சுலபம். எழுத்தறிவு கம்மியா இருந்த இடத்துல வயசு எல்லாம் 0-லயும் 5-லயும் போய் குவியும், 40, 45, 50, 60-னு. இதை அளக்க மக்கள்தொகை ஆய்வுல விப்பிள் இண்டெக்ஸ்னு தனி அளவே இருக்கு. அதனால 47-னு ஒரு வயசு எழுதியிருந்தா 50-ஐ விட அதை கொஞ்சம் அதிகமா நம்பலாம். சில சமயம் ரவுண்டு பண்ணினது அரசாங்கமே, 1841 இங்கிலாந்து சென்சஸ்ல 15-க்கு மேல இருக்கிறவங்க வயசை 5-ஓட மடங்குக்கு கீழ இறக்கச் சொல்லியிருந்தாங்க, 39-னா 35. நடுவயசுல பலபேர் வயசை குறைச்சுச் சொல்வாங்க, கல்யாணத்தப்ப பொண்ணு மாப்பிள்ளை வயசை நெருக்கமா காட்டுவாங்க, பட்டாளத்துல சேர பையன் கூட்டிச் சொல்வான், 80 தாண்டினா வீட்டுல இருக்கிறவங்களே பெருமையில ரெண்டு மூணு ஏத்திடுவாங்க. பணம் சம்பந்தப்பட்டா சட்டுனு குதிக்கும். அயர்லாந்துல 1909 ஜனவரியில இருந்து 70 வயசானவங்களுக்கு பென்ஷன் குடுக்க ஆரம்பிச்சாங்க, ஆனா அங்க எல்லாருக்கும் பிறப்பு பதிவு வந்ததே 1864-லதான், 70 வயசுக்காரர் யார்கிட்டயும் அரசாங்க பிறப்பு பேப்பர் இல்ல. விளைவு, 1901 சென்சஸ்லயும் 1911 சென்சஸ்லயும் ஒரே ஆளைப் பாத்தா நிறைய பேருக்கு 10 வருஷத்துல 15 வயசு கூடியிருக்கும். அதே பென்ஷனுக்காக 1841, 1851 சென்சஸ்ல பேரைத் தேடிக் குடுங்கன்னு விண்ணப்பம் போட்டாங்க. அந்த பழைய சென்சஸ் 1922 தீயில பெரும்பாலும் எரிஞ்சுபோச்சு, ஆனா விண்ணப்பத்துக்காக தேடி எழுதின தாளுங்க தப்பிச்சிருக்கு, இன்னைக்கு பல குடும்பத்துக்கு அதுதான் 1841-க்கு போற ஒரே வழி. ஒரு ரெக்கார்டு அழிஞ்சுபோச்சுன்னு கேள்விப்பட்டதும் விட்டுடாதீங்க, வேற யாராவது வேற காரணத்துக்காக அதுல இருந்து காப்பி எடுத்திருப்பாங்களான்னு தேடுங்க.

ரொம்ப காலம் வாழ்ந்தவங்களோட பெரிய சிக்கல் 60-க்கு மேலதான். வேலை இல்ல, சொத்து பிள்ளைங்க பேருக்கு போயாச்சு, வீட்டுத் தலைவர் வேற ஆளு. அவங்க பேரை மட்டும் தேடினா 30 வருஷம் காணாமலே போயிடுவாங்க. அப்ப ஒவ்வொரு மகன், மகள், மருமகன், தம்பி பேர்லயும் தேடுங்க, அந்த வீட்டு ரெக்கார்டுல கடைசி வரியில "தாய்", "மாமியார்", "பாட்டி"ன்னு இருப்பாங்க. யார் வீட்டுல கடைசியா இருந்தாங்கன்னு கேட்டு வச்சது இங்கதான் கை குடுக்கும். பொம்பளைங்கன்னா மறுகல்யாணத்துல பேரு மாறியிருக்கலாம், கடைசிப் பேரு தெரியாம இறப்பு பதிவு கிடைக்கவே கிடைக்காது. வாக்காளர் பட்டியல், பென்ஷன் ஃபைல், முதியோர் இல்ல ரெஜிஸ்டர், ஆஸ்பத்திரி ரெஜிஸ்டர், கப்பல் பயணிகள் பட்டியல், உயில், பத்திரப் பதிவுல சாட்சி கையெழுத்து, பிள்ளைங்களோட இரங்கல் செய்தியில "தாயார் உயிரோடு இருக்கிறார்"னு ஒரு வரி, இதெல்லாம் அந்த இடைவெளியை அடைக்கும். உள்ளூர் பத்திரிகையில 90-வது, 100-வது பிறந்தநாள் செய்தி வந்திருக்கும், அதுல இருக்கிற கதையை அப்படியே எடுத்துக்காதீங்க, ஆனா பிள்ளைங்க பேரு, ஊர் பேரு, குடும்ப போட்டோ எல்லாம் தங்கம். பிரிட்டன்ல 1917-ல இருந்து 100 வயசானவங்களுக்கு அரசரோட வாழ்த்து அனுப்புற வழக்கம் உண்டு, அந்த கார்டு யார் வீட்டுலயாவது பத்திரமா இருக்கும்.

சில ஓட்டைங்க உங்க தேடல்ல இல்ல, ரெக்கார்டுலயே இருக்கு, அதை முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்கோங்க. அமெரிக்காவோட 1890 சென்சஸ் 1921-ல நடந்த தீ விபத்துக்கு அப்புறம் கிட்டத்தட்ட முழுசா போச்சு, 1880-ல இருந்து நேரா 1900-க்கு தாவணும். இங்கிலாந்து வேல்ஸ்ல 1931 சென்சஸ் 1942-ல எரிஞ்சுது, 1941-ல போர்னால எடுக்கவே இல்ல, அதனாலதான் 1939 ரெஜிஸ்டருக்கு அவ்ளோ மதிப்பு. இன்னும் திறக்காததும் இருக்கு, அமெரிக்காவுல சென்சஸ் எடுத்து 72 வருஷம் கழிச்சுத்தான் திறப்பாங்க, 1950-ஓடது 2022-ல வந்துச்சு. அமெரிக்க 1900 சென்சஸ்ல பிறந்த மாசமும் வருஷமும் தனியா கேட்டிருக்காங்க, அம்மாக்கள்கிட்ட எத்தனை குழந்தை பெத்தீங்க, எத்தனை உயிரோட இருக்குன்னும் கேட்டிருக்காங்க, அந்த ரெண்டு நம்பருக்கும் உள்ள வித்தியாசம் நீங்க தேட வேண்டிய குழந்தைங்களோட எண்ணிக்கை.

தேதியிலயும் பொறி இருக்கு. இங்கிலாந்துல 1752-க்கு முன்னாடி சட்டப்படி புது வருஷம் மார்ச் 25-லதான் பொறக்கும், அதனால ரெஜிஸ்டர்ல 1700 பிப்ரவரி 10-னு இருந்தா நம்ம கணக்குல அது 1701. 1752-ல இப்ப இருக்கிற காலண்டருக்கு மாறினப்ப செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் 14-னு 11 நாள் தள்ளினாங்க, ரஷ்யா 1918-லதான் மாறுச்சு. தேதியை ரெஜிஸ்டர்ல இருக்கிற மாதிரியே எழுதி, மாத்தினதை பக்கத்துல தனியா போடுங்க.

ஆன்லைன்ல தேடும்போது ஃபேமிலிசர்ச்ங்கிற தளம் இலவசம், உலகம் முழுக்க பழைய ரெஜிஸ்டரை படம் பிடிச்சு எடுத்த அவங்க மைக்ரோஃபிலிம் பெரும்பகுதி அதுல இருக்கு, பதிவு பண்ணிக்கிட்டா போதும், சில பக்கம் மட்டும் அவங்க சென்டருக்கு போய்த்தான் பாக்க முடியும். எந்த தளமா இருந்தாலும் சர்ச்ல வர்ற டைப் பண்ணின வரியை மட்டும் பாத்து நிறுத்தாதீங்க, அசல் பக்கத்தோட படத்தை திறங்க. பழைய கையெழுத்துல 1-ம் 7-ம், 3-ம் 8-ம் ஒண்ணு போலவே இருக்கும், டைப் பண்ணினவர் 31-னு போட்டது அசல்ல 37-ஆ இருக்கும். முன்னாடி பக்கம், பின்னாடி பக்கமும் பாருங்க, பக்கத்து வீட்டுல அண்ணன் குடும்பம் இருக்கும். பேரு கிடைக்கலன்னா ஸ்பெல்லிங்கை மாத்தி மாத்தி, பேரையே விட்டுட்டு ஊரு, வயசு, புருஷன் பேரை வச்சு தேடுங்க. பிறப்பு பதிவு கிடைச்சா அது எப்ப பதிவு பண்ணினதுன்னு ஓரத்துல பாருங்க. 60 வருஷம் கழிச்சு ரெண்டு சாட்சியை வச்சு போட்ட தாமதப் பதிவுன்னா அதோட மதிப்பு வேற. கல்லறைக் கல்லும் அப்படித்தான், பேரப்பிள்ளைங்க பின்னாடி வச்சதா இருக்கலாம். எழுத்து தெரியலன்னா சாக்பீஸ், நுரை எதுவும் தேய்க்காதீங்க, கல்லு கெட்டுடும், ஒரு கண்ணாடியால பக்கவாட்டுல வெளிச்சம் அடிச்சு போட்டோ எடுத்தாலே எழுத்து எழும்பி வரும். டிஎன்ஏ டெஸ்ட் யாரு யாருக்கு சொந்தம்னு சொல்லும், வயசு சொல்லாது.

இறப்பு பதிவே கிடைக்கலன்னா அதை வச்சு நீண்ட ஆயுசுன்னு முடிவு கட்டாதீங்க. ஜப்பான்ல 2010-ல டோக்கியோவுல 111 வயசுன்னு ரெஜிஸ்டர்ல இருந்தவரை பாக்கப் போனப்ப அவர் ஏறக்குறைய 30 வருஷம் முன்னாடியே இறந்துபோனது தெரிஞ்சுது, அதுக்கப்புறம் குடும்பப் பதிவேட்டை அலசினப்ப இருக்கிற இடமே தெரியாத 100 வயசுக்காரங்க பேரு 2.3 லட்சத்துக்கும் மேல இருந்துச்சு. யாரும் வந்து சொல்லலன்னா பேப்பர்ல ஆள் வாழ்ந்துகிட்டேதான் இருப்பாங்க. கடைசியா உயிரோட இருந்ததுக்கு ஆதாரம் எந்த வருஷம், இறந்துட்டாங்கன்னு மொதல் ஆதாரம் எந்த வருஷம், இந்த ரெண்டையும் கண்டுபிடிச்சா இறப்பு நடுவுல எங்கயோ இருக்கு, அந்த வருஷங்களை மட்டும் வரிசையா புரட்டலாம்.

எவ்ளோ ஆதாரம் இருந்தா போதும்? என் கணக்குல குறைஞ்சது மூணு முடிச்சு வேணும். பிறப்புக்கு ரொம்ப பக்கத்துல எழுதின ஒண்ணு, பெத்தவங்க பேரோட. கல்யாணமோ வேலையோ பத்திரமோ நடுவுல ஒண்ணு, அதுல பெத்தவங்க பேரும் புருஷன் இல்ல பொண்டாட்டி பேரும் ரெண்டுமே இருக்கணும், அதுதான் சின்ன வயசையும் பெரிய வயசையும் கட்டுறது. கடைசியில இறப்பு பதிவு, துணை இல்ல பிள்ளைங்க பேரோட. நடு முடிச்சு இல்லன்னா ரெண்டு முனையும் எவ்ளோ அழகா பொருந்தினாலும் "இருக்கலாம்"னு மட்டும் எழுதுங்க. ஒத்துவராத பேப்பரை தூக்கிப் போடாம அதே ஷீட்ல வச்சு, ஏன் ஒத்துவரலன்னு நீங்க நினைக்கிறதை ஒரு வரி எழுதுங்க.

பொதுவுல இருக்கிற குடும்ப மரத்துல ஏத்தும்போது உயிரோட இருக்கிறவங்க தேதி, விலாசம் எதையும் போடாதீங்க. வேண்டாம்னு ஒதுக்கின பதிவையும் குறிப்புல எழுதிடுங்க, "1868 ஜனவரி பிறப்பு அக்காவோடது, 1872-ல இறந்த குழந்தை, அடக்கப் பதிவு பாக்கவும்"னு இந்த அளவுக்கு. அது இல்லன்னா அடுத்த வருஷம் தூரத்துச் சொந்தம் யாராவது நல்லெண்ணத்தோட அதே பிறப்பை மறுபடி இணைச்சு 100 ஆக்கிடுவாங்க.